வாணலி அடுப்பில் இருக்கிறது

நர்ஸ் அந்தச் சட்டையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு நீட்டியபோதுதான் மருமகளுக்கு அடுப்பு ஞாபகம் வந்தது. சட்டைப் பையின் மேல் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. காலையில் அவளே இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டை அது. அப்போது கறை எதுவும் இல்லை.

மாமனார் இறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இதயம் நின்றிருக்கிறது, ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அலுவலகத்திலிருந்து நேராக ஓடிவந்த கணவன் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தான். தொழில் என்ற இடத்தில் ‘ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர்’ என்று அவன் எழுதுவதைப் பார்த்தாள்.

அவர்கள் வீட்டில் எண்ணெய் வைத்துப் பொரிக்கும் வழக்கமே கிடையாது. மாமனார் போட்ட சட்டம். முப்பத்தொரு வருடம் அடுத்தவர் சமையலறைகளில் நெருப்பை அணைத்தவர். பற்றிக்கொண்ட எண்ணெயில் யாரோ ஒரு அம்மாள் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்ற, நெருப்பு கூரைவரை எழும்பிய கதையைச் சாப்பாட்டு நேரம் பார்த்துத்தான் சொல்வார். எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றாதே, அடுப்பை அணை, மூடியைப் போடு, ஆறும்வரை தொடாதே. கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே அவளுக்கு இதெல்லாம் மனப்பாடம்.

உபதேசம் ஊருக்குத்தான். வாரம் தவறாமல் கடையில் சிப்ஸ் பாக்கெட் வாங்கிவந்து, பாதி காற்று, மீதி உப்பு என்று திட்டிக்கொண்டே கடைசித் தூள்வரை தட்டிச் சாப்பிடுவதும் அவர்தான். அவர் தூக்கிப்போட்ட பாக்கெட்டுக்குள் போன எறும்பு ஏமாந்துதான் திரும்பும்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. கணவனுக்கு வேலையும் அவளுக்கு வார விடுமுறையுமான நாளில், மாமனார் மதியம் கண்ணயர்ந்த பிறகு, ஜன்னலைத் திறந்துவைத்து இரண்டு உருளைக்கிழங்கை சீவுகட்டையில் சீவிப் பொரித்துத் தின்றுவிட்டு, வாணலியைத் தேய்த்துக் கவிழ்த்துவிடுவாள். வில்லைகள் எண்ணெயில் விழும்போது எழும் இரைச்சலும், அது அடங்கி மொறுமொறுவென்று ஆனதும் ஜல்லிக்கரண்டியில் கேட்கிற காய்ந்த சத்தமும், விரல் சுடச்சுட உப்புப் போட்டு வாயில் போடுகிற அந்த முதல் வில்லையும்... அதற்காக எந்தச் சட்டத்தையும் மீறலாம் என்றுதான் அவளுக்குத் தோன்றும்.

இன்றைக்கு முதல் ஈடு எடுத்துக் காகிதத்தில் போட்டிருந்தாள். மீதி வில்லைகள் கிண்ணத்துத் தண்ணீரில் கிடந்தன. வானம் சட்டென்று இருட்டியது. துணி நனைந்துவிடுமே, இரண்டே நிமிஷம் என்று மொட்டை மாடிக்கு ஓடினாள். அங்கே கீழ்வீட்டுத் தையற்காரம்மா பிடித்துக்கொண்டாள். அவளிடம் இரண்டு நிமிஷம் என்றால் பத்து. இறங்கி வந்தபோது கூடத்து நாற்காலியில் மாமனார் தலை சாய்ந்து கிடந்தார். அதற்குப் பிறகு சமையலறைப் பக்கம் யார் போனார்கள்? அவள் ஆம்புலன்ஸில் ஏறினாள். தையற்காரம்மா கதவைப் பூட்டிச் சாவியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

புகையைப் பார்த்து எழுந்து ஓடியிருப்பார். எண்ணெய் நெஞ்சில் தெறித்திருக்கும். அந்த அதிர்ச்சியில்தான் போயிருப்பார். அப்படியென்றால் கொன்றது இதயம் இல்லை, அவள். திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாக வாயைத் திறக்க முடியாமல் நின்றாள். ஆனால் இந்நேரம் வீடு எரிந்துகொண்டிருந்தால்? கணவனின் முழங்கையைத் தொட்டாள்.

“அடுப்புல எண்ணெய வெச்சுட்டு வந்துட்டேங்க.”

அவன் பேனாவைக் கீழே வைத்தான்.

“நீ போ. நான் அப்பாகூட இருக்கேன்.”

டாக்ஸி தெருமுனையில் திரும்பும்போது குனிந்து வானத்தைப் பார்த்தாள். புகை இல்லை. மாடிப்படியில் கருகல் வாசனை இல்லை. கதவைத் திறந்து, செருப்போடு சமையலறைக்குள் ஓடினாள்.

அடுப்பு அணைந்திருந்தது. சிலிண்டரும் மூடியிருந்தது. வாணலியின் மேல் மூடி கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. சுவரில் ஒரு கரிப்புள்ளிகூட இல்லை. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஒரு மனிதர் செத்துக் கிடக்கும் நாளில் இப்படி நிம்மதிப்படலாமா என்று வெட்கமாகவும் இருந்தது.

ஆனால் பயம் பாதிதான் போயிருந்தது. எண்ணெய் தெறித்திருந்தால்? எழுந்து மேடையைப் பார்த்தாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. முதல் ஈடு இருந்த காகிதத்தில் எண்ணெய் வட்டங்கள் மட்டும் இருந்தன. கோபத்தில் கொட்டிவிட்டாரோ என்று குப்பைக்கூடையைத் திறந்தாள். கிழங்குத் தோல்தான் கிடந்தது. பிறகு பிளாஸ்டிக் பையை அவிழ்த்து, சட்டைப் பைக்குள் விரலை விட்டாள்.

ஐந்தாறு சிப்ஸ். ஒன்றிரண்டு நொறுங்கியிருந்தன, ஒன்று முழுசாக இருந்தது. மிச்சத்தையெல்லாம் அங்கேயே நின்று தீர்த்திருக்கிறார். இது பிறகு கொறிக்க. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும்.

அப்போதுதான் ஜன்னலோரம் அவருடைய துண்டைக் கவனித்தாள். தோளை விட்டு இறங்காத துண்டு, மடிப்பில்லாமல் விரித்திருந்தது. அதன் மேல், முன்பு கிண்ணத்தில் கிடந்த வில்லைகள், ஒன்றையொன்று தொடாமல் வரிசை வரிசையாக, ஈரம் ஒற்றி எடுக்கப்பட்டு. ஈரத்தோடு போட்டால் எண்ணெய் வெடிக்கும் என்பதும் அவர் பாடம்தான். திட்டுவதற்கு யாரும் அடுத்த ஈட்டுக்குத் தயார் செய்துவைப்பதில்லை. அவள் துணியோடு இறங்கி வரட்டும் என்று காத்திருந்திருக்கிறார்.

ஃபோன் அடித்தது.

“வீடு?” என்றான் கணவன்.

“ஒண்ணும் ஆகலைங்க. மாமாவே அணைச்சிருக்காரு.” மூச்சு வாங்கியது. “சாப்பிட்டும் இருக்காரு. நான் திருட்டுத்தனமா பொரிச்சத.”

அந்தப் பக்கம் அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“பிடிச்சிருந்துச்சாமா?”

“இன்னொரு ஈடு போடச் சொல்லி வெச்சிருக்காருங்க.”

இன்னும் ஒரு மணி நேரத்தில் அப்பாவைக் கூட்டிவருவதாகச் சொல்லி அவன் வைத்தான். மழை வரவே இல்லை. துண்டில் கடைசி வரிசை பாதியில் நின்றிருந்தது. அங்கேதான் களைப்பு வந்து, சற்று உட்கார்ந்து வரலாம் என்று நாற்காலிக்குப் போயிருக்க வேண்டும். கிண்ணத்துத் தண்ணீரில் இரண்டு வில்லைகள் மீதி கிடந்தன.

அவள் அவற்றை எடுத்து, அந்த வரிசையிலேயே தள்ளித் தள்ளி வைத்து, துண்டின் நுனியால் ஒற்றினாள்.