தூதுவனின் பதினொரு வரி

பூரணிக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து அனுமதிக் கடிதம் வந்து மூன்று கிழமையாகிவிட்டது. ஆங்கில இலக்கியம் படிக்க இடம். தகப்பன் இரத்தினசிங்கம் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, காணி உறுதிப் பத்திரங்களோடு சேர்த்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். மறுக்கவும் இல்லை, சம்மதிக்கவும் இல்லை. அண்ணன் அங்கே இருந்தால் அவள் போகலாம், அண்ணன் இல்லாத இடத்துக்குக் குமர்ப்பிள்ளையைத் தனியே அனுப்ப முடியாது என்பது அவருடைய தீர்ப்பு. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அண்ணன் அங்கே தங்குவானா என்பதே நிச்சயமில்லை.

அண்ணன் ஆனந்தராசா கண்டிப் பக்கத்திலிருந்த அந்தப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தோடு முதல் வருடத்தை முடித்திருந்தான். அடுத்த வருடம் ஆங்கிலத்தைச் சிறப்புப் பாடமாகப் படிக்க நாலைந்து பேரைத்தான் எடுப்பார்கள். மற்றவர்கள் பொதுப் பட்டத்துக்குப் போய்ச் சேர வேண்டியதுதான். அவனோடு படித்தவர்கள் வீட்டுக்குள்ளேயே ஆங்கிலத்தில் சண்டை பிடித்து வளர்ந்த பிள்ளைகள். இவன் வாயைத் திறந்தால் அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ஆகவே பேச்சைக் குறைத்துக்கொண்டு, நாடகக் குழுவில் சேர்ந்து திரை இழுத்தான், கதிரை தூக்கினான், மற்றவர்களின் கிரீடங்களுக்குப் பொன்தாள் ஒட்டினான். அப்படியே ஒரு வருடம் போனது.

அறுபத்தாறாம் ஆண்டு விடுமுறையில் விரிவுரையாளர் ஒருவர் தாமே ஆங்கிலத்தில் எழுதிய நாடகத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனார். திருகோணமலைக்கும் வருவதென்று முடிவானது. உன்னுடைய ஊர்தானே என்று ஆனந்தராசாவுக்கு அந்த ஒரு நாளைக்கு மட்டும் தூதுவன் வேஷம் கொடுத்தார். பதினொரு வரி. மேடையில் உன் நாக்கு எப்படிப் புரளுகிறதென்று பார்த்துவிட்டுத்தான் சிறப்புப் பாடத்தைப் பற்றி யோசிப்பேன் என்றும் சொல்லி வைத்தார்.

ஒரு கிழமை முன்னதாகவே அவன் தட்டச்சுப் பிரதியோடு வீட்டுக்கு வந்துவிட்டான். பூரணிதான் பிரதியைப் பிடித்துக்கொண்டு அவனிடம் பாடம் கேட்டாள். இரண்டு நாளில் அந்தப் பதினொரு வரியும் அவளுக்குப் பாடம். நாலாம் நாள் முழு நாடகமும் பாடம். அவனை மல்லுக்கட்ட வைத்த சொற்களெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கொன்வென்ற் கன்னியாஸ்திரிகளின் புண்ணியம். அவனுக்கு அதில் பொறாமை கிடையாது. பல்கலைக்கழக நாடகங்களில் பெண் வேஷங்களுக்கு ஆள் தட்டுப்பாடு, நீ வந்தால் விடமாட்டார்கள் என்று ஒரு பின்னேரம் சொன்னான். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இங்கே தகப்பனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். திருகோணமலையில் இரத்தினசிங்கம் துறைமுகக் கந்தோரில் கணக்கெழுதும் லிகிதர். குடாவுக்கு அந்தப் பக்கம், பிறந்த ஊரான சம்பூரில், அவரை லிகிதர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அங்கே அவர் ஏட்டண்ணாவியார். வருடத்துக்கொரு முறை கூத்து ஏறும்போது, ஏட்டைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் தெரியவே கூத்தாடுகிற களரியில் நிற்பார். ஆடுகிறவன் தடுமாறினால் உரத்த குரலில் அடியெடுத்துக் கொடுப்பார். அதில் ஒளிவுமறைவு இல்லை, ஆடுகிறவனுக்கு வெட்கமும் இல்லை. பேச்சு அறுந்து களரி சும்மா கிடந்தால்தான் வெட்கம். பூரணி சின்னதிலிருந்து கண்டு வளர்ந்தது இதைத்தான். ஆங்கில நாடகங்களைப் படித்திருக்கிறாளே தவிர, ஒன்றையும் மேடையில் பார்த்தவளல்ல.

நாடகம் சனிக்கிழமை பின்னேரம். மண்டபத்தின் முன்வரிசையில் கந்தோர்ப் பெரியவர்களும் அவர்களுடைய மனைவிமாரும். பின்னால், மூதூரிலிருந்து லோஞ்சுப் படகு ஏறி வந்த சம்பூர்ச் சனம். ஏட்டண்ணாவியாரின் மகன் ஆடுகிறான் என்றால் எந்தப் பாஷையாக இருந்தால் அவர்களுக்கென்ன? பூரணி மூன்றாம் வரிசையில் தாய் அன்னலட்சுமிக்கும் தகப்பனுக்கும் நடுவே இருந்தாள். மடியில் தட்டச்சுப் பிரதி.

கதை இவ்வளவுதான். ஒரு அரசன் மூன்று பிள்ளைகளையும் கப்பலேற்றிப் போருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறான். கடைசியில் தூதுவன் வருகிறான். என் பிள்ளைகள் எங்கே என்று அரசன் கேட்கிறான். கடல் கப்பல்களைத் திருப்பித் தந்துவிட்டது அரசே, ஆட்களைத் தரவில்லை என்று தூதுவன் தொடங்க வேண்டும்.

ஆனந்தராசா வந்தான், முழந்தாளிட்டான். அரசன் கேட்டான். ஆனந்தராசா பேசவில்லை.

மேடையில் ஒரு சத்தமும் இல்லை. பின்னால் யாரோ இருமினார்கள். அண்ணனின் உதடு நடுங்குவது போல் பூரணிக்குத் தெரிந்தது. பயத்தில் தெரிந்ததோ என்னவோ, தெரிந்தது. தகப்பன் கதிரையில் முன்னுக்குச் சரிந்தார். கந்தோர் ஆங்கிலம் தெரிந்தாலும் அந்த வரி அவருக்குப் பாடமில்லை, அடியெடுத்துக் கொடுக்க முடியாது. அவளால் முடியும். பூரணி எழுந்து நின்றாள். அந்த வரியை முழுதாக, தெளிவாக, மண்டபமே கேட்கச் சொன்னாள்.

அண்ணனைக் காப்பாற்றத்தான் எழும்பினாள். ஆனால் தன்னுடைய குரல் போய்க் கடைசிச் சுவரில் பட்டபோது அவளுக்கு இனித்தது. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

ஆனந்தராசாவும் அதே தகப்பனின் பிள்ளை. அடி வந்ததும் அரசனை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பி, அந்த வரியை வாங்கித் திருப்பிச் சொன்னான், கூத்துக்காரன் இழுக்கிற இழுவையோடு. சம்பூர்ச் சனம் திருப்தியாகத் தலையாட்டியது. முன்வரிசையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். பிறகு மண்டபம் முழுக்கச் சிரித்தது. அரசன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான், தோள் குலுங்கியது. மிச்சப் பத்து வரியையும் ஆனந்தராசா ஒழுங்காகத்தான் சொன்னான். கேட்க ஆள் இல்லை.

மண்டபத்துக்குப் பின்னால் அவன் தேங்காயெண்ணெய் தொட்டு முகப்பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பூரணி போய் நின்றாள். நன்றி சொல்லுவான் என்று நினைத்திருந்தாளோ என்னவோ.

“நான் மறக்கேல்லை, பூரணி” என்றான். “நாடகம் எழுதினவர்தான் அதிலை பேசாமல் நிக்கச் சொன்னவர். பத்து எண்ணிப்போட்டுத்தான் துவங்க வேணும். நேற்றுத்தான் சொல்லித் தந்தவர்.”

அவள் பிரதியைப் பிரித்துப் பார்த்தாள்; அந்த இடத்தில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை.

“எட்டு எண்ணிட்டன்” என்றான்.

விரிவுரையாளர் அவனை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சிரித்தார். தங்கைக்கு நல்ல குரல் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு வான் வண்டியில் ஏறிக்கொண்டார். வரியை மறந்துபோய்விடுவோம் என்று தெரிந்தே தங்கையைச் சபையில் இருத்தி வைத்திருக்கிறான் என்று குழுவில் கதை பரவியிருந்தது. இல்லையென்று சொல்ல அவனுக்கு வாய் எழும்பவில்லை. லோஞ்சுக்குத் திரும்பிய சம்பூர்ப் பெண்கள் பூரணியின் கன்னத்தைத் தடவி, தகப்பனைப் போலவே தக்க நேரத்தில் கைகொடுத்துவிட்டாள் என்று மெச்சினார்கள். அவளுக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல் இருந்தது.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. சிறப்புப் பாடத்துக்கு ஆனந்தராசா எடுபடவில்லை. விரும்பினால் பொதுப் பட்டத்தைத் தொடரலாம். அதே கிழமை துறைமுகக் கந்தோரில் ஒரு லிகிதர் இடம் காலியானது. மகனுக்கு வேண்டுமென்றால் தருகிறேன், திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லு என்று மேலதிகாரி இரத்தினசிங்கத்திடம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் இரத்தினசிங்கம் இரண்டு பிள்ளைகளின் கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“தம்பி, பொதுப் பட்டமெண்டாலும் பட்டம்தான்” என்றார். “நீ திரும்பிப் போறியெண்டால் இவளும் உன்னோடை வரட்டும், நான் மறிக்கேல்லை. கந்தோர் வேலையெண்டால் அதையும் இப்பவே சொல்லு. நீ சொல்லுறதுதான்.”

ஆனந்தராசா சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி இருந்தான்.

பூரணி சொதிச் சட்டியோடு நின்றாள். அவன் சொல்ல வேண்டியது அவளுக்குத் தெரியும். ‘போறம், அப்பா.’ இரண்டே சொல். எடுத்துக் கொடுக்க எவ்வளவு நேரம் செல்லும்? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அந்தச் சிரிப்புக்கு நடுவே அவனைத் திருப்பி அனுப்ப அவளுக்கு என்ன வாய் இருக்கிறது? இதுவும் அவன் நின்று தொடங்குகிற இடமாக இருக்கும் என்று நினைத்தாள். ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். எட்டைத் தாண்டினாள். பத்து வந்தது. அவன் பேசவில்லை. இருபதுவரை எண்ணினாள்.

“சொதியை இஞ்சாலை விடு, பூரணி” என்றான் ஆனந்தராசா.

அவள் ஊற்றினாள். அவன் குனிந்து சோற்றைப் பிசைந்தான். இரத்தினசிங்கம் மகளுடைய கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்து, அலுமாரிச் சாவியை எடுத்தார். முப்பது வருடம் களரியில் நின்று அடியெடுத்துக் கொடுத்த மனிதர், அன்றைக்கு அவரும் ஒரு சொல் எடுத்துக் கொடுக்கவில்லை.