ஒரெஸ்தே போட்ட கோணல் பார்கள்

என் கொழுந்தன் ஒரெஸ்தேவுக்கு வேலை என்றால் உடம்பு வணங்காது. அந்த மே மாதம் பீன்ஸ் விதைக்க அவனை இழுத்து வர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வயலில் பாதி அவனுடையது. மறுபாதி, செத்துப்போன என் வீட்டுக்காரர் அடெல்மோவுடையது, அதாவது என்னுடையது. சோலார் பலகை போடுகிற கம்பெனிக்கு விற்றே ஆகவேண்டும் என்று அவன் ஒற்றைக்காலில் நின்றான். என் கையெழுத்தில்லாமல் விற்க முடியாது.

"இந்த ஒரு வெள்ளாமை பாப்போம். பொய்ச்சுப்போச்சுன்னா மறுபேச்சில்லாம கையெழுத்துப் போடறேன்" என்று வாய்விட்டுவிட்டேன்.

போ என்கிற ஆறு கடலில் கலக்கிற எங்கள் பக்கம் வயல்கள் கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கும். ஈரத்தில் விதை அழுகிவிடும் என்று பயந்து எல்லோரும் மண்ணை நீளமாக மேடுகட்டிய பாரின் உச்சியில்தான் ஊன்றுவோம். மதியம் ஒயினைக் கவிழ்த்துக்கொண்டு வந்த ஒரெஸ்தே, கடைசி இரண்டு பார்களில் கண்டபடி போட்டான். விதையெல்லாம் சரிவில், பார்களுக்கு நடுவே பள்ளமான சாலில் ஓடும் தண்ணீருக்குச் சற்று மேலே விழுந்தது.

"கண்ணு எங்கடா இருக்கு? உச்சியில போடச் சொன்னா இடுப்புல போடறே."

"எங்க போட்டா என்ன அண்ணி. அடுத்த வருசம் கண்ணாடிப் பலகைதானே முளைக்கப்போவுது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வரிசைக்குத் திரும்பி மீதி விதையை ஊன்றினேன்.

ஜூனில் மழை ஏமாற்றியது. ஆறு மெலிந்ததும் கடல் உள்ளே ஏறி, வாய்க்கால் தண்ணீர் கரித்தது. வேறு வழியில்லாமல் அதைத்தான் பாய்ச்சினோம். பார் உச்சிகளில் வெள்ளையாக உப்புப் பூத்தது. இலைகள் ஓரம் தீய்ந்து சுருண்டன. ஒரு செடியைப் பிடுங்கினேன். வேரில் ஒரு முடிச்சுகூட இல்லை. முடிச்சில்லாத பீன்ஸ் தன் உரத்தைத் தானே செய்துகொள்ளாது. பூத்தாலும் காய் பிடிக்காது.

விஷயம் தெரிந்து ஒரெஸ்தே பேனாவோடு வந்துவிட்டான்.

"சொன்ன சொல்லு ஞாபகம் இருக்கா அண்ணி?"

"இருக்கு. வயக் கடைசி வரைக்கும் நடந்து பாத்துட்டுப் போடறேன்."

கடைசியில் அவன் போட்ட இரண்டு கோணல் பார்களும் பச்சையாக நின்றன. எனக்கு நம்ப முடியவில்லை. மண்டியிட்டு ஒரு செடியைத் தோண்டினேன். வேரெல்லாம் கம்பு மணி போல முடிச்சுகள். அதே பாரின் உச்சி மண்ணைக் கிள்ளி வாயில் போட்டேன், உப்பு. சரிவு மண்ணைப் போட்டேன், வெறும் மண். பாரின் இருபக்கச் சாலிலும் பாய்ந்த தண்ணீர் மேலே ஏறிக் காயும்போது உப்பையெல்லாம் உச்சிக்குக் கொண்டுபோயிருந்தது. அழுகலுக்குப் பயந்து நாங்கள் விதையை உப்பின் தலையிலேயே உட்காரவைத்திருக்கிறோம்.

"வாயத் தெற" என்றேன். அவன் திறந்தான். இரண்டு மண்ணையும் ஊட்டினேன்.

துப்பிவிட்டு அவன் தன் பச்சைச் செடிகளையே பார்த்தான். "இது நான் போட்டதா?"

"பின்ன நானா போட்டேன்? இன்னும் ஒரு விதைப்புக்குக் காலம் இருக்கு. வயல் பூரா இதே மாதிரி போட்டுக் குடு. எனக்கு இந்தக் கோணல் வராது."

ஜென்மத்தில் அவனை யாரும் பாராட்டியதில்லை. பேனாவைப் பைக்குள் செருகிவிட்டு விதைக்கூடையைத் தூக்கினான். கடல் வடிந்து தண்ணீரில் கரிப்பு குறையும் நேரம் பார்த்து மதகைத் திறந்தது நான். குடிக்காமல் அத்தனை சரிவிலும் கோணலாகப் போட்டது அவன்.

செப்டம்பர் முடிவில் சிவப்பு வரி விழுந்த காய்கள் தொங்கின. அடெல்மோ இருந்த காலத்து விளைச்சல் இல்லைதான். ஆனால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் மூட்டை கட்டியது நாங்கள் மட்டும்தான். மதுக்கடையில் உட்கார்ந்து ஒரெஸ்தே, சரிவில் விதைப்பதைத் தான் பல வருடமாக யோசித்துக் கண்டுபிடித்ததாக மார்தட்டினான். நான் பீன்ஸ் சூப்பைக் குடித்துக்கொண்டு கேட்டேன், மறுக்கவில்லை.

அங்கேயே கம்பெனிக்காரர் காகிதத்தோடு வந்தார். நான் பேனாவுக்காக ஒரெஸ்தேவிடம் கை நீட்டினேன்.

அவன் பேனா இருந்த சட்டைப்பையை இறுக்கிப் பொத்திக்கொண்டான்.

"விளையாடறீங்களா அண்ணி? அது என் வயலு."