கோட்டுக்குக் கீழே ஒரு கட்டில்

தெருவே அவளை மனுக்காரி என்றுதான் கூப்பிட்டது. பெயர் வைத்தவர்கள் கிண்டலாகத்தான் வைத்தார்கள். போகப் போக அதிலேயே ஒரு மரியாதை வந்து ஒட்டிக்கொண்டது. தொழில் தையல். காலையில் மெஷினை மிதிப்பாள், மத்தியானம் தெருக்குழுவில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ஏதாவது ஒரு அரசு அலுவலகத்தில் போய் உட்காருவாள். கால்வாய்க் கரையில் ஒரு தடுப்புச் சுவர், தண்ணீரை இறைத்துத் தள்ள ஒரு பெரிய மோட்டார், இவ்வளவுதான் கேட்டார்கள். முன்பு எப்போதோ ஒரு தடவை வந்த வெள்ளம் இப்போது வருஷா வருஷம் கூப்பிடாத விருந்தாளியாக வந்தது. வானத்துக்குப் புத்தி மாறிவிட்டது, அரசாங்கத்துக்குத்தான் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை என்பாள்.

அவளுக்கு அது ஊர்க்காரியம் மட்டும் அல்ல. தெருவின் பள்ளக் கோடியில் அவள் வீடு. மாடி கிடையாது. உள்ளே பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன கணவர். ஒரு காலத்தில் பஸ் ஓட்டியவர். கடந்த வெள்ளத்தில் அவரைத் தையல் மேசைமேல் இழுத்துப் போட்டு, தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே நின்றாள். இன்னொரு சாண் ஏறியிருந்தால் ஆள் இல்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். சொன்னவர்கள் அந்த வீட்டில் குடியிருந்ததில்லை.

வடிந்துபோன தண்ணீர் கட்டிலை ஒட்டிய சுவரில் பழுப்பாக ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிருந்தது, படுத்திருப்பவர் முகத்துக்கு நேர் மேலே. அவள் அதைத் துடைக்க விடவில்லை. என்றாவது ஒருநாள் அதிகாரி வருவார், அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், அந்தச் சுவரே நமக்காக அழட்டும் என்றாள்.

அதிகாரியும் வருவதாகத் தகவல் வந்தது. பருவநிலை மாற்ற நிதி கொஞ்சம் ஒதுக்கியிருந்தார்கள். எந்தத் தெருவுக்கு முதலில் என்று இன்ஜினியர் நேரில் பார்த்து எழுதுவார். மனுக்காரி வீடு வீடாகப் போய், வாசல் சேற்றை யாரும் வாரக் கூடாது, நாறுகிற பாயை மடித்து ஒளிக்கக் கூடாது என்று கண்டித்துச் சொன்னாள். பெண்கள் முகம் சுளித்தார்கள். வீட்டுக்கு ஆள் வரும்போது குப்பையைப் பரப்பி வைக்கச் சொல்லும் ஒரே குழு இதுதான் என்று ஒருத்தி சிரித்தாள். ஆனாலும் எல்லோரும் கேட்டார்கள். துடைப்பத்தை மறைத்து வைத்துவிட்டுக் கை பரபரக்க உட்கார்ந்திருந்தார்கள்.

கேட்காதது ஒரே ஒரு வீடு.

இன்ஜினியரைத் தெருமுனையிலிருந்து அழைத்துக்கொண்டு வந்தவள், தன் வாசலில் கால் வைத்ததும் பெயின்ட் வாசனையில் நின்றுவிட்டாள். சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது. பெயின்டரான அவள் தம்பி வாளியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றான். கட்டிலில் தலையணையை அண்டக் கொடுத்து, இஸ்திரி போட்ட சட்டையில், தலை வாரி, கணவர் உட்கார்ந்திருந்தார். நல்ல கையை நீட்டி, வாங்க, உட்காருங்க என்றார்.

இன்ஜினியர் சின்னப் பெண், கெட்டவளும் அல்ல. தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டாள். மனுக்காரி வெள்ளைச் சுவரில் கையை வைத்துக் காட்டினாள். உண்மையைச் சொல்லும்போதே பொய் சொல்வதுபோல நாக்கு குழறியது. செல்போனில் படம் இருக்கிறது என்றாள். படம் எல்லாத் தெருவிலும் காட்டுகிறார்கள், கண்ணால் பார்த்ததைத்தான் எழுத முடியும் என்று அந்தப் பெண் வருத்தமாகவே சொன்னாள். பக்கத்துத் தெருவில் இடிந்த சுவர் ஒன்றைப் பார்த்திருந்தாளாம். போகும்போது, வீட்டை அழகாக வைத்திருக்கிறீர்கள் என்றாள்.

இன்ஜினியர் தலை மறைந்ததும் மனுக்காரி தம்பியைத்தான் முதலில் பிடித்தாள். மாமாதான் சொன்னார் என்றான். அவர் பக்கம் திரும்பினாள். வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"கோவிச்சுக்காத. கண்ணத் தொறந்தா அந்தக் கோடு. மூடினாலும் அதான். தினம் தினம் அதுக்கு அடியிலதான் படுத்திருக்கேன். இன்னிக்கு ஒரு நாள் மனுஷனா உக்காந்து ஒருத்தர வாங்கன்னு சொல்லணும்னு இருந்துச்சு."

அவள் கட்டிலைப் பார்த்தாள். இவர் உயிருக்காக எத்தனை படி ஏறி இறங்கினாள். கட்டிலைத் திருப்பிப் போட வேண்டும் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லையே.

நிதி பக்கத்துத் தெருவுக்குப் போனது. இந்தத் தெரு அடுத்த வருஷம் பரிசீலிக்கப்படும் என்றார்கள். அவர் ஆவலாகக் கேட்டபோது, நமக்குத்தான் முதலில், சீக்கிரம் வேலை ஆரம்பித்துவிடுவார்கள் என்று சொல்லிவிட்டாள்.

"பாத்தியா? மரியாதையா இருந்தா மதிப்பாங்க."

"ஆமாங்க" என்றாள்.

கால்வாய் உடைத்துக்கொண்ட அன்று அவள் குழுவோடு அதே அலுவலகத்தில்தான் காத்திருந்தாள், முடிவை மாற்றச் சொல்லிக் கேட்பதற்காக. தம்பியும் அக்கம்பக்கத்தாரும் நீந்திப்போய் அவரைத் தூக்கி வருவதற்குள் நெஞ்சுக்குள் சேற்றுத் தண்ணீர் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் சில நாள் இழுத்துக்கொண்டு கிடந்தார். வேலை ஆரம்பிப்பதற்குள் மழை வந்துவிட்டது, பாவம், அவர்கள்தான் என்ன செய்வார்கள் என்று அந்த மூச்சிலும் பரிந்து பேசினார். பிறகு அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

"சுவத்துல கறை பட்டுடுச்சா?"

"இல்லீங்க. வெள்ளையா அப்படியேதான் இருக்கு."

அவர் போன பிறகு இன்ஜினியர் மறுபடி வந்தாள். வெள்ளைச் சுவரில் புதுக் கோடு வாசலிலிருந்தே தெரிந்தது, பழையதைவிட உயரத்தில். கட்டில் காலியாக இருந்தது. அந்தப் பெண் படம் எடுத்துக்கொண்டு போனாள். சீக்கிரமே உத்தரவு வந்துவிட்டது: தடுப்புச் சுவர், மோட்டார், கேட்டது எல்லாம். குழுவினர் சந்தோஷத்தை முகத்தில் காட்டாமல் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவள் தம்பியைக் கூப்பிட்டு மிச்சப் பெயின்டைக் கொண்டுவரச் சொன்னாள்.

"இப்ப எதுக்குக்கா? யாரு பாக்கப் போறா?"

அவள் பிரஷ்ஷை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"மாமாகிட்ட வெள்ளையா இருக்குன்னு சொல்லிட்டேன்டா."