நாலாவது ஆள்

"நாலு பேர் இல்லாம நடக்காதும்மா," என்றார் வேன் டிரைவர், மூன்றாவது தடவையாகப் படியேறி வந்து மூச்சு வாங்கியபடி. அவர் கையில் ஸ்ட்ரெச்சரின் நீளத்துக்கு வெட்டிய கயிறு ஒன்று இருந்தது. படிக்கட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் அதைக் குறுக்கே பிடித்து அளந்து பார்த்துவிட்டு வந்திருந்தார். லிஃப்ட் கெட்டு ஒன்பது நாளாகிறது. மூன்று மாடி, ஆறு திருப்பம்.

"நீங்க ஒருத்தர், நான் ஒருத்தி," என்றாள் அவள்.

"மிச்சம் ரெண்டு?"

அதுதான் அவளுக்கும் தெரியவில்லை. மணி ஒன்பதாகிவிட்டது. தகனத்துக்குப் பதினொன்றரைக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். தவறினால் நாளை சாயங்காலம்தான். வீட்டில் ஐஸ் பெட்டி வைக்க இடமில்லை, அவளுக்கு மனமும் இல்லை.

அப்பா கூடத்தின் நடுவில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பளபளவென்று பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ. இன்று பதினோரு மணி கோர்ட்டுக்குக் காலை ஐந்து மணிக்கே குளித்து உடுத்திக்கொண்டு, மடியில் பையோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அதுக்குள்ள என்ன அவசரம்? கோர்ட்டு எங்க ஓடியா போயிடும்?" என்று திட்டிக்கொண்டேதான் ஆறரைக்கு அவள் காபி கொண்டுவந்தாள். அவர் காதில் அது விழவில்லை.

"ஷூவைக் கழட்டிடலாமா?" என்று டிரைவர் கேட்டார்.

"வேணாம். அவரே போட்டுக்கிட்டது."

முப்பது வருஷம் அப்பா அரசாங்கத்தில் குமாஸ்தா என்றுதான் அவள் நினைத்திருந்தாள். வீட்டில் யாருக்குப் போன் வந்தாலும் சட்டென்று எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். அவள் கல்லூரித் தோழிகளோடு பேசினாலும் சரி, அம்மா தன் தங்கையோடு பேசினாலும் சரி, பேச்சு முடியும்வரை அங்கே செடிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். தன்மேல் அக்கறை இல்லாத அப்பா என்று அவள் பல வருஷம் மனதுக்குள் வைத்துக் குமைந்ததுண்டு. அவர் வேலையே ஜன்னல் இல்லாத ஓர் அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அடுத்தவர் பேச்சைக் கேட்டு எழுதுவது என்று போன மாதம்தான் சொன்னார்.

சொல்ல வைத்தது புதுச் சட்டம். முன்பெல்லாம் ஒருவர் போனைத் திருட்டுத்தனமாக ஒட்டுக் கேட்டார்கள் என்றால் அரசாங்கத்தின் மேல்தான் வழக்குப் போட முடியும். அரசாங்கத்துக்கு வலிக்கவா போகிறது? இப்போது அப்படியில்லை. எழுத்து உத்தரவு இல்லாமல் கேட்டிருந்தால், கேட்கச் சொன்னவர், கம்பியை இணைத்தவர், கேட்டு எழுதியவர் என்று தனித்தனியாக அத்தனை பேரும் பதில் சொல்லவேண்டும். ஓய்வு பெற்றுவிட்டேன் என்று தப்ப முடியாது. தானாக வந்து உண்மையைச் சொல்பவருக்கு மட்டும் மன்னிப்பு உண்டு. சொல்கிறேன் என்று போய் நின்ற முதல் ஆள் அப்பா.

சாட்சிப் பட்டியலில் அவர் பெயர் பேப்பரில் வந்த நாளிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் நின்றுபோனார்கள். எதிர் வீட்டுக்காரர் அப்பாவைக் கண்டாலே, பேசிக்கொண்டிருந்த பேச்சைப் பாதியில் விழுங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுவார். செத்த பிறகும் காது கேட்கும் என்று நினைத்தாரோ என்னவோ, இன்று காலையும் அந்தக் கதவு திறக்கவில்லை. கீழ் வீட்டுக்காரருக்கு முதுகு வலியாம். அப்பாவின் பழைய ஆபீஸ்காரர்கள் மூவரை அவள் கூப்பிட்டாள். ஒருவர் எடுக்கவேயில்லை. ஒருவர் "அடடா" என்று சொல்லி வைத்துவிட்டார். மூன்றாமவரின் மனைவி, அவர் வெளியூர் போயிருக்கிறார் என்றாள். பின்னால் அவர் இருமுவது நன்றாகக் கேட்டது.

அப்போதுதான் மீசை மாமா வந்தார்.

அதே அறையில் அப்பாவோடு முறை மாற்றி இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவர். அவளுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டபோது அவளைவிடச் சத்தமாக அழுதவர். அவரைப் பார்த்த பிறகுதான், காலையிலிருந்து வராத அழுகை அவளுக்கு வந்தது.

வெள்ளைச் சட்டையில் வந்த மாமா அப்பாவின் நெற்றியைத் தொட்டார். பிறகு கண்ணை நாற்காலிப் பக்கம் ஓட்டினார்.

"அந்தப் பை எங்கம்மா?"

"எந்தப் பை?"

"கோர்ட்டுக்கு எடுத்துட்டுப் போகவிருந்த பை. உள்ள ஒரு நோட்டு இருக்கும். உங்கப்பன் கிறுக்கன். வாயால சொன்ன உத்தரவை எல்லாம் எழுதி வச்சிருக்கான், தேதி, நேரம், யார் ட்யூட்டின்னு."

அவள் கண் சமையலறைப் பக்கம் போய்த் திரும்பியது.

"நான் ஒரு போன் போட்டா ரெண்டு பேர் வருவாங்க. என்னோட சேர்ந்து மூணு. உங்கப்பாவைப் பூ மாதிரி இறக்கிடலாம். அந்த நோட்டை மட்டும் குடுத்துடு."

"மாமா, அவர் இன்னைக்கு அதை எடுத்துக்கிட்டுதான் கிளம்பினார்."

"அவன் போய்ச் சேர்ந்துட்டான். அவனை இனி யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. எனக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்கு. மகன் வீட்ல ஒண்டிக்கிட்டிருக்கேன். இந்த வயசுல கூண்டுல ஏறணுமா, சொல்லு?"

அவர் குரல் உடைந்தது. அது நடிப்பில்லை, அவளுக்குத் தெரியும். நாலு பேர் தூக்கி அப்பாவை ஒழுங்காக அனுப்பிவைக்க வேண்டும். அதற்கு மேல் எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. கொடுத்துவிட்டால்தான் என்ன? அவள் சமையலறைக்குப் போய், மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்த பையை எடுத்தாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. "சார் ரெடியா? கோர்ட்டுக்குப் போக ஆட்டோ கீழ நிக்குது," என்று ஒரு பெண் குரல்.

அவள் எட்டிப் பார்த்தாள். ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி, கழுத்தில் குறுக்காக மாட்டிய பையோடு ஸ்ட்ரெச்சரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாமா அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை, தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தம் இல்லை. முகம் தெரியாவிட்டால் என்ன, பதினோரு மாதம் தினமும் மதியத்திலிருந்து ஹெட்போனில் கேட்ட குரல் அது.

"இன்னைக்கா சாகணும்?" என்றாள் வந்தவள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "மன்னிச்சுக்கோம்மா. நான் கெட்டவ இல்ல."

அவள் வந்தவளைச் சமையலறைக்கு அழைத்துப்போய்த் தண்ணீர் கொடுத்தாள்.

"கேஸ் போட்டவ நான்தான். ஆஸ்பத்திரி துப்புரவுக்காரங்க சங்கத்துக்குச் செயலாளர்," என்றாள் வந்தவள். "கூட்டம் எங்கேன்னு போன்லதான் சொல்லுவேன். கூட்டத்துக்கு வந்தவங்களுக்கு மறுநாள் வேலை போயிடும். ஒண்ணில்ல ரெண்டில்ல, முப்பத்தியொரு பேர். நான்தான் காட்டிக் குடுத்தேன்னு இன்னைக்கும் என் தெருவுல ஒருத்தரும் எங்கிட்டப் பேசறதில்ல. என் தங்கச்சி உட்பட."

"அப்பாவைப் பார்த்திருக்கீங்களா?"

"ஒரே தடவை, வக்கீல் ஆபீஸ்ல. எங்கம்மா செத்த அன்னைக்கு நான் போன்ல என்ன சொல்லி அழுதேன்னு எனக்கே ஞாபகமில்ல. அவருக்கு இருந்தது. அப்படியே அறையணும்னு வந்தது எனக்கு. அவர்தான் முதல்ல அழுதார்."

அவள் பையைத் திறந்தாள். கோடு போட்ட சாதாரண நோட்டு. அப்பாவின் குண்டு குண்டான எழுத்து. 'அதிகாரி வாயால் சொன்னது. எழுத்து கேட்டேன். அப்புறம் தருகிறேன் என்றார். தரவில்லை.' அதற்குக் கீழே: 'காலை நான். மதியம் முதல் மீசை.' பக்கம் பக்கமாக அதேதான்.

அவள் நோட்டை மூடி அந்தப் பெண்ணின் கையில் வைத்தாள். அந்தப் பெண் எதுவும் கேட்காமல் அதைத் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"தூக்கறதுக்கு ஆள் இல்ல," என்றாள் அவள்.

"நான் பொணம் தூக்காதவளா? இருபத்தஞ்சு வருஷம் ஆஸ்பத்திரில."

கூடத்துக்கு வந்தபோது டிரைவர் விரல் விட்டு எண்ணினார். "மூணு ஆச்சு. ஐயா, நீங்க ஒரு கை பிடிச்சா போதும்."

மாமா அவளை மட்டும் பார்த்தார். "நோட்டு?"

"முதல்ல அப்பா இறங்கட்டும் மாமா."

அது பொய்யில்லை என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். பொய்தான். மாமா குனிந்து கால்பக்கக் கைப்பிடியைப் பிடித்தார். அவருக்குப் பக்கத்தில் டிரைவர். தலைப்பக்கம் பெண்கள் இருவரும்.

இறங்கும்போது பாரமெல்லாம் கீழே இருப்பவர்கள் மேல்தான். அப்பாவின் ஷூ இரண்டும் மாமாவின் மார்பில் முட்டிக்கொண்டு வந்தன. "மெதுவா, மெதுவா," என்று டிரைவர் சொல்லிக்கொண்டே வந்தார். இரண்டு திருப்பம் தாண்டியாயிற்று. மூன்றாவதில் மூச்சு வாங்க, ஸ்ட்ரெச்சரைக் கைப்பிடிச் சுவரில் ஓரமாகச் சாய்த்து நின்றார்கள். அங்கேதான் போன் அடித்தது.

அந்தப் பெண்ணின் போன். மாமாவும் அப்பாவைப் போலவே பழக்க தோஷத்தில் நகரப் பார்த்தார், ஒரு காலை எடுத்தும் வைத்தார். கையில் கைப்பிடி இருந்தது. எங்கே நகர்வது?

ஸ்பீக்கரில் வக்கீலின் குரல் படிக்கட்டு முழுக்கக் கேட்டது. "சாட்சி கிளம்பிட்டாரா இல்லையா?"

"காலமாயிட்டார் சார். காலையில."

"அடக் கடவுளே. அப்போ கேஸ் அவ்வளவுதான்."

"இல்ல சார். அவர் எழுதின நோட்டு எங்கிட்ட இருக்கு. அவர் பொண்ணு குடுத்தாங்க. எந்தெந்த நேரம் யார் யார் கேட்டாங்கன்னு எல்லாம் அதுல இருக்கு." ஒரு நொடி நிறுத்தினாள். "நான் காட்டிக் குடுக்கலைன்னு இருக்கு."

போன் பைக்குள் போனது. மாமா அண்ணாந்து அவளைப் பார்த்தார். சைக்கிளிலிருந்து விழுந்த அன்று பார்த்த அதே கண்கள். அவர் பக்கம் ஸ்ட்ரெச்சர் லேசாகச் சரிந்தது. "ஐயா!" என்று டிரைவர் கத்தினார். விட்டுவிடுவாரா? விட்டால் அவரைக் குறை சொல்ல அவளுக்கு என்ன வாய் இருக்கிறது?

மாமா தோளைக் கொடுத்துச் சரிவை நிமிர்த்தினார். மூச்சு இரைத்தது. வெள்ளைச் சட்டையின் நெஞ்சில் ஷூ பாலிஷ் கறுப்பாக அப்பியிருந்தது.

"இந்தத் திருப்பம் ஒடுக்கம்," என்றார். "தலைப்பக்கம் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. சுவத்துல இடிச்சிடப் போகுது."

அவர்கள் தூக்கிப் பிடித்தார்கள்.