நைனாவின் நம்பர்

“மூஞ்ச கொஞ்சம் மேல ஏத்தும்மா, பூ மறைக்குது” என்றார் ரங்கநாதன் மாமா.

பூங்குழலி இரண்டு விரலால் படத்தை மேலே நகர்த்தினாள். நான்கு மூலையிலும் ரோஜாப்பூ, மேலே ‘கண்ணீர் அஞ்சலி’ என்று பட்டை எழுத்து. பஜாரில் ஃபிளெக்ஸ் அடிக்கிறவர் சட்டத்தை மட்டும் அனுப்பிவிட்டார். அதற்குள் நைனாவின் முகத்தைப் பொருத்துவது இவள் வேலையாகிவிட்டது. படத்தை நைனாவின் போனிலேயே, அவருடைய ஸ்டேட்டஸிலேயே போடவேண்டும். செஞ்சிப் பக்கம் இப்போது அதுதான் நடைமுறை. செத்தவர் போனிலிருந்தே செய்தி போய்விட்டால், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று பிற்பாடு யாரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள முடியாது.

படம் சரியாக உட்கார்ந்ததும் மாமா தலையை ஆட்டினார். அவள் அனுப்பினாள். அடுத்த நிமிடமே போன் அடிக்க ஆரம்பித்தது. வருகிற போனுக்கெல்லாம் நீயே பதில் சொல்லிக்கொண்டிரு என்று சொல்லிவிட்டு மாமா பந்தல்காரரைப் பார்க்கப் போனார்.

அவள் நைனா செல்லப்பன், நெல் ஏலம் நடக்கிற மார்க்கெட் கமிட்டியில் மூட்டைகளை எடை போடுகிறவர். விடியற்காலையில் மார்பு பிசைகிறது என்று எழுந்து உட்கார்ந்தவர், ஆம்புலன்ஸ் தெருமுனையில் திரும்புவதற்குள் போய்விட்டார். முந்தின நாள் சாயந்திரம்கூட சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் போனை மகளிடம் நீட்டி, “பதில் வந்துச்சாம்மா?” என்று கேட்டவர்தான்.

அந்தக் கேள்வி அந்த வீட்டில் பங்குனி மாதத்திலிருந்து தினமும் கேட்டது. பூங்குழலி பிளஸ் ஒன் முடித்திருந்தாள். அவளுக்கு வௌவால் பைத்தியம். கோட்டையை மூடுகிற நேரத்துக்கு நைனாவை வண்டியோடு ரோட்டோரம் நிற்கவைத்துவிட்டு, மலைப்பக்கமிருந்து கூட்டம் கூட்டமாகக் கிளம்புவதை வாயைப் பிளந்து பார்ப்பாள். உயிரியல் டீச்சர்தான் வழிகாட்டினார். ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு மெயில் எழுது, யாராவது ஒருவர் கூப்பிட்டால் லீவு முழுக்கக் கூடவே இருந்து கற்றுக்கொள்ளலாம் என்றார். அவள் எழுதினாள். பெங்களூருக்கு எழுதினாள், கோயம்புத்தூருக்கு எழுதினாள். எல்லாவற்றுக்கும் முதலில் பாண்டிச்சேரியில் ஒரு கல்லூரிக்கு எழுதினாள். இந்தச் சுற்றுவட்டாரத்துக் குகைகளில் வௌவால் ஆராய்ச்சி செய்கிற ஜெயஸ்ரீ என்ற பேராசிரியை அங்கே இருந்தார். நம்பிக்கை முழுவதையும் அவர்மேல்தான் வைத்திருந்தாள்.

ஒவ்வொரு மெயிலின் அடியிலும் தன் பெயர், பள்ளிக்கூடம், அதற்குக் கீழே நைனாவின் நம்பர். வயதுக்கு வந்த பெண்ணின் நம்பரை முகம் தெரியாதவர்களுக்குக் கொடுக்கிற வழக்கம் அந்தத் தெருவில் கிடையாது. அவளுக்குத் தனியாகப் போனும் கிடையாது. கேஸ் சிலிண்டரிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் அந்த வீட்டுக்கு அது ஒன்றுதான் நம்பர்.

ஒருமுறை எங்கிருந்தோ ஒரு பதில் வந்தது. தான் விடுப்பில் இருப்பதாகவும், திரும்பியதும் தொடர்புகொள்வதாகவும் யாரோ ஒரு டாக்டர் சொல்லியிருந்தார். அது கம்ப்யூட்டர் தானாக எல்லோருக்கும் அனுப்புவது என்று தெரியாமல், நைனா கமிட்டி முழுக்க மிக்சர் வாங்கிக் கொடுத்துவிட்டார். விஷயம் தெரிந்த பிறகு இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

வேறு யாரும் எழுதவில்லை. அவள் சோர்ந்து உட்காரும்போதெல்லாம் நைனா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். பெரிய படிப்பு படித்தவர்களுக்கு நேரம் இருக்காது, நீ எழுதுவதை விடாதே என்பார். அவரே ரீசார்ஜ் போட்டுக் கொடுப்பார்.

மதியத்துக்குள் தெரு நிறைந்துவிட்டது. மேளக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். பூங்குழலி பின்கட்டுக்கு வந்து, போனில் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆமாங்க, காலையிலதாங்க, சாயந்திரம் எடுக்கறாங்க. நைனா யாரையும் பெயர் போட்டு வைக்கமாட்டார், அடையாளம்தான் போடுவார். திரையில் சாக்குக்காரர் வந்தார், கேஸ் தம்பி வந்தார், மேல்மலையனூர் சித்தி வந்தாள். அப்புறம், வவ்வால் மேடம்.

அவள் எடுத்தாள்.

“பூங்குழலியாம்மா? நான் ஜெயஸ்ரீ, பாண்டிச்சேரிலேருந்து. ஸ்டேட்டஸ் பார்த்தேன். மனசே கேக்கல. எவ்ளோ தன்மையா பேசுவார் உங்கப்பா.”

“நைனாகிட்ட நீங்க பேசியிருக்கீங்களா மேடம்?”

“ரெண்டு தடவ பேசினேனே. உன் மெயில படிச்சதும் நானேதான் கூப்பிட்டேன். லீவுக்கு அனுப்புங்க, ஹாஸ்டல்ல எங்க பொண்ணுங்களோட தங்கட்டும்னு சொன்னேன். ‘அவளுக்கு அதுல இஷ்டம் இல்லீங்க, டீச்சர் சொன்னாங்கன்னு எழுதிட்டா’ன்னுட்டார். அப்பறம் அவரே ஒருநாள் கூப்பிட்டு, மெயில்ல பதில் எதுவும் போடாதீங்க, பாத்தா பொண்ணு சங்கடப்படுவான்னு கேட்டுக்கிட்டார். உன்மேல அவ்ளோ உசுரும்மா அவருக்கு.”

முன்பக்கம் யாரோ புதிதாக வந்திருக்கவேண்டும், ஒப்பாரி ஏறி இறங்கியது. பூங்குழலி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“இப்ப அங்க யாராச்சும் சேர்ந்துட்டாங்களா மேடம்?”

“ரெண்டு பசங்க வந்து வேலை பாக்கறாங்க. இன்னும் ஒரு வாரத்துல முடிச்சுடுவாங்க. அதெல்லாம் எதுக்கு இப்ப? அம்மாவப் பாத்துக்கோ.”

எனக்கு இஷ்டம் இருந்தது மேடம் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. சொன்னால், உள்ளே ஐஸ் பெட்டியில் கிடக்கிற மனுஷனை யாரோ ஒருவரிடம் பொய்யன் என்று காட்டிக்கொடுத்ததாக ஆகும். அடுத்த வருஷம் பிளஸ் டூ. அதில் லீவு என்று ஒன்று கிடையவே கிடையாது. அவள் “சரிங்க மேடம்” என்று சொல்லிப் போனை வைத்தாள்.

வெளியூருக்கு அனுப்பமாட்டேன் என்று அவர் சொல்லியிருந்தால் அவளுக்குப் புரிந்திருக்கும். இந்தத் தெருவில் எந்த அப்பன் அனுப்பினான்? சண்டை போட்டிருப்பாள், நாலு நாள் பட்டினி கிடந்திருப்பாள், அப்புறம் சாப்பிட்டிருப்பாள். ஆனால் பதில் வந்ததா என்று தினமும் எப்படிக் கேட்டார்? வந்த பதிலைத் தன் வாயாலேயே திருப்பி அனுப்பிவிட்டு, இந்த முகத்தைப் பார்த்து எப்படிக் கேட்டார்? பக்கத்தில் உட்கார்ந்து தேற்றினாரே. 

உள்ளே அம்மா கவிதா, பெட்டியின் தலைமாட்டில் கிடந்தாள். பூங்குழலி பெண்களை விலக்கிக்கொண்டு போய் அவள் காதோரம் குனிந்தாள்.

“அம்மா, மேடம் போன் பண்ணாங்க.”

அம்மாவின் அழுகை நின்றது. பெட்டியின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அத்தப் பேசற நேரமாடி இது?” என்றாள், மெல்ல.

எந்த மேடம் என்று அவள் கேட்கவில்லை. கேட்பாள் என்று பூங்குழலி கொஞ்சநேரம் அங்கேயே குனிந்தபடி இருந்தாள். அம்மா அவள் கையைத் தேடிப் பிடித்தாள். பூங்குழலி கையை உருவிக்கொண்டு எழுந்தாள்.

அதன்பிறகு அவளுக்கு அழுகை வரவில்லை. பவுனம்மாள் பெரியம்மா மூன்று தடவை கட்டிப்பிடித்து, அழுதுடு கண்ணு, மனசுல வச்சுக்காத என்று முதுகைத் தட்டினாள். அப்பன் செல்லமாக வளர்ந்த பெண், அதிர்ச்சியில் கல்லாகிவிட்டாள் என்று பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பூங்குழலி அதை வாங்கிக் குடித்தாள்.

வெயில் தாழ்ந்ததும் உடம்பை வாசலில் பெஞ்சின்மேல் கிடத்தி, தண்ணீர் ஊற்றி, புது வேட்டி போர்த்தினார்கள். தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியைத் தளர்த்திவிட்டு, வாய்க்கரிசி போடுகிறவர்கள் வரலாம் என்றார் சடங்கு செய்கிறவர். பெண்கள் வரிசையாகச் சுற்றி வந்தார்கள். ஒவ்வொருத்தியும் தட்டிலிருந்து அரிசி எடுத்து உதட்டின்மேல் போட்டுவிட்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நகர்ந்தாள். அம்மாவை இரண்டு பேர் தாங்கி வந்தார்கள். அவளும் போட்டாள்.

பூங்குழலியின் முறை வந்தது. பெரியம்மா அவள் கையில் அரிசியைத் திணித்தாள்.

நைனாவின் வாய் அதற்குள் தெரியாமல் போயிருந்தது. அரிசி குவிந்து, மீசையிலும் கன்னத்திலும் சிதறிக் கிடந்தது. பூங்குழலி கையிலிருந்ததைத் தட்டிலேயே திரும்பப் போட்டாள்.

“வாயில போடும்மா” என்றார் சடங்கு செய்கிறவர்.

அவள் குனிந்து, உதட்டின்மேல் இருந்த அரிசியை விரலால் தள்ளிவிட்டாள். ஒட்டிக்கொண்டிருந்ததை நகத்தால் எடுத்தாள். பல்லிடுக்கில் இருந்ததையும் எடுத்தாள். மேளம் நின்றுவிட்டது. நேரமாவுதும்மா என்று மாமா பின்னாலிருந்து சொன்னார். வாயில் ஒரு மணி அரிசி இல்லாமல் துடைத்து முடித்த பிறகும் அவள் நகரவில்லை. பதில் வந்ததா என்று தினமும் கேட்ட அந்த வாயையே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள்.