வெங்கடபதி வீட்டு வாசற்படி

மதுக்கரைக்குத் தெற்கே ஒரு தோட்டத்து வீட்டில், போன ஆவணி மாதம் ஒரு புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு, வாசற்படி எழுந்து வீட்டுக்காரர் வெங்கடபதியை அடித்தது. ஒற்றைக் கருங்கல், நாலு அங்குல உயரம்.

மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அந்த ஊரில் ஆளுக்கு ஐந்து வீடு ஒப்படைத்திருந்தார்கள். மாதம் ஒரு முறை வந்து பிரஷர் பார்த்து, நலம் விசாரித்து, பதிவேட்டில் எழுதிப் போவார்கள். போத்தனூர் லின்சிக்கு வாய்த்த ஐந்தில் ஒன்று வெங்கடபதியின் வீடு. முதல் மாதமே அவர் மனைவி ரங்கம்மாளின் இடது கண் வீங்கிக் கிடந்தது. "படியில உழுந்துபோட்டேன் கண்ணு," என்றாள். கன்னத்தில் ஐந்து விரலும் தெரிந்தன. லின்சி, கூட வந்திருந்த பேராசிரியர் சின்னப்பராஜைப் பார்த்தாள். நோயாளி சொல்வதை அப்படியே எழுதுவதுதான் பாடம் என்றார் அவர். அவளும் எழுதினாள். அடுத்து மணிக்கட்டு, அப்புறம் இரண்டு பல், விலா எலும்பு என்று இரண்டு வருடத்தில் பதினொரு முறை, காரணம் என்ற இடத்தில் படி, படி என்றே எழுதினாள். "எங்க படிக்கு இவளக் கண்டா ஆகறதில்லீங்க டாக்டரம்மா," என்று வெங்கடபதி மோர் கொடுத்துச் சிரிப்பார். கல் செய்யாததற்கெல்லாம் பெயர் வாங்கிக்கொண்டு கிடந்தது.

அந்தப் புதன்கிழமை, மோர் புளித்துவிட்டதென்று, பேராசிரியரோடு வந்திருந்த கல்லூரிப் பிள்ளைகள் முன்பாகவே அவர் மனைவிமேல் மம்பட்டியை ஓங்கினார். கல் பெயர்ந்து வந்தது. பிள்ளைகள் யார் மேலும் அது உரசக்கூட இல்லை. முதலில் அவருடைய இடது கண். பிறகு மணிக்கட்டு, முறிந்த சத்தம் தென்னந்தோப்பு வரை கேட்டது. பிறகு பல், கூடவும் இல்லை குறையவும் இல்லை, இரண்டு. பதிவேட்டின் வரிசையிலேயே அடி விழுவதைக் கண்டுகொண்ட பேராசிரியர், "நெசத்தை எழுதும்மா, நின்னுக்கும்," என்று கத்தினார். லின்சி பேனாவைத் தேடினாள். பேனா வெள்ளைக் கோட்டுப் பையில் இருந்தது. அவள் தோள்பையில் தேடினாள்.

பத்து அடி முடிந்தது. மண்ணில் புரண்ட வெங்கடபதி, "எழுதச் சொல்லு அம்மணி," என்று மனைவியிடம் கெஞ்சினார். கல்யாணமாகி அன்றுதான் அவளை அப்படிக் கூப்பிட்டார். லின்சிக்கே மனம் இளகிவிட்டது. பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள். ரங்கம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொன்னு இருக்குது கண்ணு. வயித்துல."

அதற்கு முந்தின மாதம் அந்த அடியில்தான் வயிற்றிலிருந்த ஐந்து மாதக் குழந்தை போயிருந்தது.

கல் வயிற்றில் இறங்கியது. "இப்ப எழுதிக்க," என்றாள் ரங்கம்மாள். லின்சி பதினொரு இடத்திலும் படியைக் கோடு போட்டு நீக்கி, வெங்கடபதியின் பெயரை எழுதிக் கையெழுத்திட்டாள். கல் போய்த் தன் குழியில் படுத்தது. அவரை ஆம்புலன்ஸ் ஏற்றிப் போனது. ரங்கம்மாள் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிக் கல்லைக் கழுவிவிட்டாள்.

பிள்ளைகள் அடுத்த வீட்டுக்குப் போனார்கள். அங்கே தெய்வாத்தாளின் நெற்றியில் புதுத் தையல் இருந்தது. லின்சி வாயைத் திறப்பதற்குள் தெய்வாத்தாளின் கணவன் எழுந்து, தன் வீட்டு வாசலை ஒரு பார்வை பார்த்தான்.

"நாந்தானுங்க," என்றான். "எழுதிக்கோங்க."