பயந்து நின்ற நாற்றுகள்

“அது என்ன, உன் செடிக்கு ஒரே ஒரு எடுபிடியா?” சூட்கேஸ் மேல் உட்கார்ந்து ஜிப்பை இழுத்தபடி கேட்டான் கணவன்.

“செல்லைச் சுத்தி ஒரு சவ்வு. அதுல ரெண்டு காவல்காரங்க. ஒருத்தர் கிருமி வந்தா குரல் கொடுப்பார். இன்னொருத்தர் ‘வளரு’ன்னு வர்ற சேதியை உள்ளே அனுப்புவார். ரெண்டு பேருக்கும் கையாள் ஒரே புரதம்.”

“பாவம். அம்மாவுக்கும் உனக்கும் நடுவுல நான் மாட்டின மாதிரி.”

அவள் சிரித்துவிட்டாள். போகாதீங்க என்று சொல்ல வந்தது அந்தச் சிரிப்போடு போய்விட்டது.

அப்படி அவன் வேறு ஊர் வேலைக்குப் போய் இப்போது பதினான்கு மாதம். ஆராய்ச்சியில் தோற்றுக் கிடக்கும்போது கூப்பிட்டால் பரிதாபப்பட்டுத்தான் வருவான், அது வேண்டாம் என்று வாயைக் கட்டிப்போட்டிருந்தாள்.

தோல்வியோ விடுவதாக இல்லை. எதிர்ப்புச் சக்தி குறையாமல் செடி நன்றாக வளரட்டும் என்று அந்தக் கையாள் புரதத்தைக் கொஞ்சம் மாற்றியிருந்தாள். கடைசியாக விதைத்த நாற்றுகள் மூன்று வாரமாகியும் நகத்தளவைத் தாண்டவில்லை. உட்கார்ந்தே இருக்கிற செடிகளுக்கு நாற்காலி போடலாமே என்ற பேராசிரியர், மாதக் கடைசியில் திட்டத்தை மூடிவிடலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம்தான் அவளுக்கு உறைத்தது. ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் வளர்த்த, எதையுமே மாற்றாத சாதாரண நாற்றுகளும் குட்டையாகவே நின்றன.

எல்லா நாற்றுகளுக்கும் தண்ணீர் தெளிக்கிற ஸ்ப்ரே பாட்டிலை எடுத்தாள். அந்த ஆய்வுக்கூடத்தில் யாரும் பாட்டிலை முழுசாகக் காலி செய்வதில்லை, பாதி குறைந்ததும் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். ‘தண்ணீர்’ என்று ஒட்டியிருந்த டேப்பை உரித்தாள். அடியில் இன்னொரு டேப், அவள் கையெழுத்தில்: ‘பாக்டீரியா புரதத் துண்டு’. பழைய பரிசோதனைக்கு அவளே கலக்கியது. கழுவாமல் மேலே டேப் ஒட்டியதும் அவளேதான். கிருமி ஒன்றுகூட இல்லை, அதன் வாடைக்கே நாற்றுகள் காவல் காத்துக் காத்து வளர மறந்திருந்தன.

பேராசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் இன்னும் ஒரு மாதம் கொடுத்தார்.

புதுப் பாட்டில், புது விதை. இருபத்திரண்டாம் நாள் ஸ்கேலை வைத்து அளந்தாள். புரதம் மாற்றிய நாற்றுகள் மற்றவற்றைவிட ஒன்றரை மடங்கு உயரம். கிருமி தெளித்த இலைகளிலும் ஒரு புள்ளி இல்லை. ஸ்டூலில் சாய்ந்து நெடுமூச்சு விட்டாள். நெஞ்சிலிருந்து மூட்டை இறங்கியது போலிருந்தது.

கையுறையைக்கூடக் கழற்றாமல் போன் போட்டாள்.

“என்ன, செடி எழுந்துடுச்சா?”

“எழுந்துடுச்சு. நான் ஜெயிச்சுட்டேன், அதனால இப்போ கேக்கலாம்.” கையுறையை உருவி மேஜையில் போட்டாள். “அந்த வேலையை விட்டுட்டு வந்துடுங்க. எனக்கு நீங்க இங்கே வேணும்.”